முப்பத்தெட்டாவது வளைவு வரை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்

வருஷக் கடைசியில் ஆளாளுக்கு ஒரு பட்டியல் போடுகிறார்கள். பார்த்த படம், போன ஊர், சாப்பிட்ட பிரியாணி. நான் போடுவது பாட்காஸ்ட் பட்டியல். அந்த வருஷம் நான் கேட்டதில் எந்தெந்த எபிசோடை மற்றவர்களும் கட்டாயம் கேட்க வேண்டும் என்று எழுதி எங்கள் ஆஸ்பத்திரி வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். போடுவதோடு விட்டால் பரவாயில்லை. மறுநாளே ஒவ்வொருவராகப் பிடித்து "கேட்டீங்களா?" என்று விசாரிப்பேன். கேட்கவில்லை என்றால் கோபம் வரும். கேட்டேன் என்று பொய் சொன்னால் அதைவிட அதிகமாகக் கோபம் வரும். இரண்டே கேள்வியில் பொய் வெளிப்பட்டுவிடும். டிசம்பர் மாதத்தில் எங்கள் நர்ஸ்கள் நான் மருந்து கொடுக்கிற ஜன்னல் பக்கம் வராமல் பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போவதாகக் கேள்வி.

பட்டியலில் இன்னொரு கோளாறும் உண்டு. எந்த இடத்தில் என்ன வரும் என்பதை நிமிஷத்தில் எழுதாமல் வளைவில் எழுதுகிறேன். 'இருபத்தாறில் பாறை வரும், நாற்பதில் தண்ணீர்' என்று இருக்கும். கிணறு வெட்டுகிற ஒருவர் பேசும் எபிசோடு அது. வெளியூர்க்காரர் யாராவது படித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை.

நான் குடியிருப்பது காளப்பநாயக்கன்பட்டியில். வேலை கொல்லிமலை மேல், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில். மருந்தாளுநர் என்பது ஆர்டரில் இருக்கிற பெயர். மலையில் என்னை மாத்திரையம்மா என்பார்கள். பதினோரு வருஷமாகக் காலை ஏழேகால் பஸ். காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கினால் மேலே போய்ச் சேருவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் நம்பர் எழுதிய பலகை நிற்கும். எங்கள் பஸ்ஸில் யாரும் மணி பார்ப்பதில்லை. முப்பதில் தூங்கிப்போனேன், ஐம்பதில் மழை பிடித்துக்கொண்டது என்றுதான் பேச்சே நடக்கும்.

அந்தப் பஸ்ஸில் எதையும் படிக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாரப் பத்திரிகையோடு ஏறினேன். பன்னிரண்டாவது வளைவில் பத்திரிகையை மூடி, அதையே விசிறியாக்கிக் கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். போனைப் பார்த்தாலும் அதே கதிதான். வேடிக்கை பார்க்கலாம் என்றால் எத்தனை வருஷத்துக்கு அதே மரத்தையும் அதே குரங்கையும் பார்ப்பது. கடைசியில் மிஞ்சியது காது ஒன்றுதான். பாதி வழியில் சிக்னல் இருக்காது என்பதால் முதல் நாள் சாயங்காலமே வீட்டில் இறக்கி வைத்துக்கொள்வேன்.

எங்கள் டாக்டர் காரில் வருகிறவர். போன வருஷப் பட்டியலை நம்பிக் கேட்டுவிட்டு, "முப்பதாவது வளைவுல சிரிப்பு வரும்னு போட்டிருந்தீங்க, ஐம்பது தாண்டியும் ஒண்ணும் வரலியே" என்றார். கார் எங்கள் பஸ்ஸைவிட வேகமாக ஏறினால் அதற்கு நான் என்ன செய்ய. பஸ்ஸில் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்க வருகிற, மலை மேலேயே குண்டனி நாட்டில் இருக்கும் மிளகுத் தோட்டக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரும் என் பட்டியலை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் வந்து நின்றார்.

"ஏனுங்க, அறுவத்தி ரெண்டாவது வளைவுல அழுகாச்சி வரும்னு எழுதியிருக்கறீங்க. நான் கீழ போறதுக்கு பஸ் ஏறி எட்டு வளைவு எறங்கலீங்க, அறுவத்தி ரெண்டு வந்துருச்சு. அந்தம்மா அப்பத்தானுங்க வணக்கமே சொல்றாங்க."

அவர் சொன்னது நியாயம்தான். மலையில் இருக்கிறவருக்குப் பலகை எழுபதிலிருந்து இறங்கும் என்பது, தினமும் சாயங்காலம் நானே இறங்கியும், பதினோரு வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இறங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு பட்டியல் எழுதித் தருவதாகச் சொன்னேன். இன்னும் எழுதவில்லை.

வீட்டில் நிலைமை மோசம். என் வீட்டுக்காரருக்கு மரவள்ளியும் சின்ன வெங்காயமும் போக நேரமிருந்தால் தூக்கம். "கேக்கறேன், கேக்கறேன்" என்று காதில் மாட்டிக்கொண்டு, அறிமுக இசை முடிவதற்குள் குறட்டை விட்டுவிடுவார். கோயம்புத்தூரில் படிக்கும் மகளுக்கு லிங்க் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் திரும்பி வரும். அவள் கேட்டிருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஆக, நான் ஆசைப்பட்டு ஒன்றைச் சொல்ல, அதை ஆசையாகக் கேட்க ஒரு ஆள் இல்லாமலே வருஷங்கள் போய்க்கொண்டிருந்தன.

போன தை மாதம் எங்கள் லேபுக்கு ஒரு டெக்னீஷியன் வந்து சேர்ந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். திருவாரூர்ப் பக்கம் பிறந்தவள். அங்கே மேடு என்றால் வாய்க்கால் கரைதான். வீட்டுக்காரருக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. அதனால் காளப்பநாயக்கன்பட்டியிலேயே வீடு பிடித்திருந்தாள். முதல் நாள் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மேல போக எவ்வளவு நேரம் ஆகுங்க?" என்று கண்டக்டரைக் கேட்டாள். "எழுவது வளைவுங்க" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். கேள்வி அவருக்குப் புரியவில்லையோ என்று அவள் என்னைப் பார்த்தாள்.

இருபத்து மூன்றாவது வளைவில் அவளுக்குப் புரிந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினவள் நாற்பத்தொன்றில்தான் உள்ளே இழுத்தாள். அன்றைக்கு மட்டுமல்ல. தினமும் இருபத்து மூன்றில் தொடங்கும், நாற்பத்தொன்றில் அடங்கும். அதற்கு மேல் வெளியே வர வயிற்றில் ஒன்றும் இருக்காது. கண்டக்டர் இருபது வரும்போதே எலுமிச்சம்பழமும் கவரும் எடுத்து வைத்துவிடுவார். மாத்திரை கொடுக்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் மாத்திரை போட்டால் அவளுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து வேலை செய்கிறவள் தூங்கினால் ஆகுமா. ஒரே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டாள்.

அவள் வந்த இரண்டாவது வாரமே, "மாறுதல் கலந்தாய்வு எப்பக்கா வரும்?" என்று கேட்டாள். கீழே சமவெளியில் எங்காவது இடம் கிடைத்தால் ஓடிவிடுவதாக இருந்தாள். எனக்கு அது பழகிப்போன கேள்வி.

பாட்காஸ்ட்டுக்கும் அவளுக்கும் முடிச்சுப் போட்டது ஒரு பொய்ப்பல் செட். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், ரயிலில் பயணிகள் விட்டுவிட்டுப் போன சாமான்களைப் பற்றிப் பேசுகிற எபிசோடு. குடை, குக்கர், கல்யாணப் பத்திரிகைக் கட்டு, கடைசியில் ஒரு பல் செட். நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வந்தது. அவள் முகம் வெளிறத் தொடங்கியதைப் பார்த்தேன். கேட்காமல் கொள்ளாமல் என் இடது காது இயர்போனைக் கழற்றி அவள் காதில் திணித்தேன். வயர் வைத்த இயர்போன்தான். அதற்கு முன் ப்ளூடூத் ஒன்று வைத்திருந்தேன், பதினெட்டாவது வளைவில் காதிலிருந்து நழுவிப் பள்ளத்தில் போய்விட்டது.

பல் செட்டைத் தேடி இரண்டு வருஷம் கழித்து ஒரு பெரியவர் வருகிறார். தன்னுடையதுதான் என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள். அவர் அங்கேயே மாட்டிக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்துக் காட்டுகிறார். அது முப்பத்து மூன்றாவது வளைவில் வருகிறது. அவள் சிரித்த சிரிப்பில் முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். எபிசோடு முடிந்து இயர்போனைக் கழற்றியபோது பலகையில் ஐம்பத்திரண்டு என்று இருந்தது. எலுமிச்சம்பழம் அவள் கையில் நசுங்காமல் இருந்தது.

அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினோரு வருஷமாக மாத்திரை எண்ணிக் கொடுத்தவள், இப்போது டாக்டருக்கு மேலே போய்விட்ட மாதிரி நினைப்பு. தினமும் சாயங்காலம் வெங்காயம் உரிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் மறுநாள் எபிசோடைக் கேட்டு முடிப்பேன். நல்ல இடம் எங்கே வருகிறது என்று பார்ப்பேன். இருபத்து மூன்றுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில் விழ வேண்டும், அதுதான் முக்கியம். முன்னேயும் பின்னேயும் சுமாராக இருந்தாலும் போகட்டும். சீக்கிரமே களைகட்டிவிடுகிற எபிசோடு என்றால் ஒன்றாவது வளைவில் போடாமல் ஒன்பதில் போடுவேன். இழுத்துப் பேசுகிற ஆள் என்றால் காரவள்ளிக்கு முன்பே தொடங்கிவிடுவேன்.

அப்படிக் கேட்டதில் சிலவற்றை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கிணறு வெட்டுகிறவரைத் தவற விடாதீர்கள். நாற்பதடி ஆழத்தில் நின்று மேலே பார்த்தால் வானம் ஒரு தட்டு அளவுக்குத் தெரியும், அந்தத் தட்டில் பெண்டாட்டி முகம் எட்டிப் பார்த்தால் சோறு வந்துவிட்டது என்று அர்த்தம் என்பார். பாறை வந்த இடத்தில் அவர் கொஞ்ச நேரம் பேசவே மாட்டார். அந்த மௌனத்தை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்த மௌனத்துக்காகவே கேட்கலாம்.

அக்காளும் தங்கையும் மிளகு ரசத்துக்காகச் சண்டை போடுகிற எபிசோடு ஒன்று. தக்காளி போடலாமா கூடாதா என்பதில் தொடங்கி, கல்யாணத்தில் யாருக்கு நல்ல புடவை எடுத்தார்கள் என்பதில் போய் நிற்கும். அதில் தங்கை, கடையில் கிடைக்கிற மிளகுத் தூளே போதும் என்று ஒரு வார்த்தை சொல்வாள். நான் பஸ் என்பதை மறந்து, "இவளுக்கு மிளகுன்னா என்னன்னு தெரியுமா?" என்று சத்தம் போட்டுவிட்டேன். பின் சீட்டில் விலை படியாத மிளகு மூட்டையோடு மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த பெண் என்ன ஏது என்று தெரியாமலே, "அதானுங்க" என்றாள்.

கோர்ட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் தட்டச்சு செய்த அம்மாள் பேசுவதும் அருமையானது. அடுத்தவர் சொன்னதையே வாழ்நாள் முழுக்க அடித்தவர், ஓய்வுபெற்ற மறுநாள் மிஷினில் தாளைச் சொருகிவிட்டு, தான் சொல்ல என்ன இருக்கிறது என்று யோசித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அறுபத்திரண்டாவது வளைவு. மிளகுத் தோட்டக்காரர் சொன்ன அழுகாச்சி இதுதான், பழைய பட்டியலில் இருந்ததை அவளுக்காக மறுபடியும் போட்டேன். வேலைக்குப் போகும்போது கேட்காதீர்கள். கண் சிவந்து போய் மாத்திரை கொடுத்தால், வாங்குகிறவர்கள் தங்களுக்கு என்னவோ பெரிய வியாதி என்று பயந்துவிடுகிறார்கள்.

ஆனி மாதம் கலந்தாய்வு அறிவிப்பு வந்தது. பெயர் கொடுக்கக் கடைசித் தேதிக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அவள்தான் பந்தயம் கட்டினாள். "ஒரு மாசம் முழுசா வாந்தி எடுக்காம மேல போயிட்டேன்னா, நான் பேரு குடுக்கலக்கா. ஒரு நாள் எடுத்தாலும் குடுத்துருவேன்."

நான் சரி என்று தலையாட்டினேன். ஏதோ விளையாட்டுப் போல ஆட்டினேன். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அடுத்த ஒரு மாதத்துக்கும் எபிசோடுகளை வரிசைப்படுத்தி எழுதினேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, பரீட்சைக்குப் படிக்கறயா?" என்றார். அவரிடம் சொல்லவில்லை. அவள் போய்விடக் கூடாது என்று எனக்கு அவ்வளவு தவிப்பு இருந்தது.

பத்தொன்பது நாள் சுத்தமாகப் போனது. கண்டக்டர் எலுமிச்சம்பழம் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார். இருபதாவது நாளுக்கு நான் வைத்திருந்தது ஒரு கருவாட்டு வியாபாரியின் எபிசோடு. முதல் நாள் கேட்டபோது மூன்றில் ஒரு பங்குதான் கேட்டேன். வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார்கள். அந்த மனிதர் நன்றாகப் பேசுகிறார், சந்தையில் பேரம் பேசுகிறவர்களைப் போலவே பேசிக் காட்டுகிறார், இது போதும் என்று நினைத்துவிட்டேன். முழுதாகக் கேட்காமல் ஒருவருக்கு ஒன்றைச் சொல்லக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்.

இருபத்தொன்பதாவது வளைவில் அவர், மழையில் நனைந்து போன கருவாட்டுக் கூடையை நாலு நாள் கழித்துத் திறந்த கதையை ஆரம்பித்தார். என்ன வாசனை, அது எங்கிருந்து எங்கே பரவியது, எந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னார். இவ்வளவு திறமையாகப் பேசும் ஒரு மனிதரை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நான் அவசரமாகப் போனை அணைப்பதற்குள் அவள் தலை ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது. எலுமிச்சம்பழமும் இல்லை. எபிசோடு நல்ல எபிசோடுதான். வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள்.

சாயங்காலமே அவள் பெயர் கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. யார் மேல் கோபம் என்று கேட்டால், கருவாட்டுக்காரர் மேல் என்றுதான் சொல்லியிருப்பேன். அவளே வந்து கட்டின பந்தயம், அதை நானே தோற்கடித்துவிட்டேன் என்பதுதான் ஆற்ற முடியவில்லை.

கலந்தாய்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, முப்பத்தெட்டாவது வளைவில் பஸ் நின்றது. மேலிருந்து ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டது. பின்னால் போகவும் முடியவில்லை, முன்னால் வரவும் முடியவில்லை. டிரைவர் இறங்கிப் போனார், கண்டக்டர் இறங்கிப் போனார், ஆண்கள் எல்லோரும் இறங்கிப் போய் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எங்கள் எபிசோடு முடிந்தது. போனில் வேறொன்றும் இல்லை. ஒரு நாளைக்கு ஒன்று என்று வளைவை எண்ணி அளந்து வைக்கிறவளுக்கு, ரோடு நின்று போகும் என்று தோன்றவில்லை. சிக்னலும் கிடையாது. பஸ்ஸுக்குள் பெண்கள் நாலைந்து பேரும் ஒரு பலாப்பழமும் மட்டும் இருந்தோம். பழம் பழுத்திருந்தது. அவள் புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"ஏதாவது பேசுங்கக்கா" என்றாள்.

எனக்கு முன்கூட்டிக் கேட்டு வைக்காத எதையும் பேசிப் பழக்கமில்லை. வாயில் வந்ததைப் பேசினேன். அவள் உட்கார்ந்திருக்கும் சீட்டில் அவளுக்கு முன்னால் உட்கார்ந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே வந்த டீச்சர். ஒரு வருஷத்தில் அவள் பின்னிய ஸ்வெட்டருக்குக் கை வருவதற்குள் மாறுதல் வந்துவிட்டது. என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கும் பேங்க் கிளார்க் பெண். தோட்டக்கலை ஆபீசில் இருந்த பெண், விதைப் பாக்கெட்டுகளை மடியில் கொட்டி எனக்குக் காட்டுவாள். இன்னும் மூன்று பேர். ஆறு பேரும் போகும்போது போன் பண்ணுவதாகச் சொன்னார்கள். கொஞ்ச நாள் பண்ணவும் செய்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, இந்த மலையை யார் தினமும் ஏறுவார்கள். ஆனால் ஆறாவது ஆள் போனபோதுதான் நான் காதில் இயர்போன் மாட்டினேன். பக்கத்து சீட்டில் யார் வந்து உட்கார்ந்தாலும் பேச வேண்டியதில்லை என்பதற்காகத்தான் மாட்டினேன். இதை நான் அதற்கு முன் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

சொல்லி முடித்துவிட்டு, "போகாத கண்ணு" என்றேன். சொன்ன பிறகுதான், இவ்வளவு நாளும் ஸ்டேஷன் மாஸ்டரையும் கிணறு வெட்டுகிறவரையும் விட்டு நான் சொல்ல வைத்தது இந்த இரண்டு வார்த்தையைத்தான் என்று பட்டது.

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கூச்சல் கேட்டது, லாரியின் சக்கரத்துக்கு அடியில் கல் வைத்துத் தள்ளினார்கள், லாரி உறுமிக்கொண்டு திரும்பியது. "லாரி கெளம்பிருச்சுக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மிச்சம் முப்பத்திரண்டு வளைவும் நான் கண்டக்டரோடு பேசிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை கலந்தாய்வு. அவள் லீவு போட்டிருந்தாள். நான் மட்டும் பஸ் ஏறி ஏதோ ஒரு எபிசோடைப் போட்டேன். யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரைக்குப் பதில் இருமல் டானிக்கை எடுத்து நீட்டிவிட்டேன். அவரே, "எனக்கு இருமல் இல்லீங்கம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். சனி ஞாயிறு இரண்டு நாளும் போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். அவளுக்கு நான் போன் பண்ணவில்லை. அவளும் பண்ணவில்லை. பண்ணாததிலேயே பதில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த வருஷப் பட்டியலில் முதலிடத்தில் நான் போட்டிருக்கும் எபிசோடுக்கு லிங்க் கிடையாது. எங்கே தேடினாலும் கிடைக்காது. எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை அவள் எனக்கு முன்பே பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு என்னை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்ததும் தன் போனில் இயர்போனைச் சொருகி ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். "இன்னைக்கு நான் சொல்றத நீங்க கேளுங்க. நடுவுல பேசக் கூடாது" என்றாள். நான் என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்தேன். "பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல." காரவள்ளி தாண்டியது. ஒன்றாம் நம்பர் பலகை ஜன்னலுக்கு நேராக வரும் வரை விரலை வைத்துக் காத்திருந்து, பிறகு அழுத்தினாள்.

அவள் குரல்தான். "வணக்கம். இது ஒரே ஒரு ஆளுக்காகப் போடற எபிசோடு. அந்த ஆள் இப்ப மொறைச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க." நான் முறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

கலந்தாய்வுக்குப் போன நாள் முழுவதையும் அவள் போனில் பதிந்து வைத்திருந்தாள். நாமக்கல் பஸ்ஸின் ஹாரன். டீக்கடையில் டீ ஆற்றுகிற சத்தம். வரிசையில் நின்ற ஒரு அம்மாள் மருமகளைப் பற்றிச் சொன்ன குறை, அது ஒன்றே பத்து வளைவுக்கு வந்தது, நன்றாகவே இருந்தது. நடுவில் நடுவில் அவள் ரகசியக் குரலில் பேசினாள். "அக்கா, இப்ப இருபத்தி மூணு வந்திருக்கும். எனக்கு வயித்தப் பெரட்டும். பரவால்ல, நீங்க கேளுங்க." பலகையைப் பார்த்தேன். இருபத்து மூன்று. சனி ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து வெட்டி ஒட்டியிருக்கிறாள் என்று புரிந்தது.

முப்பது தாண்டியதும் இப்படிச் சொன்னாள். "ஒரு உண்மை சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க போட்டதுல பாதிய நான் ஒழுங்கா கேட்டதே இல்ல. அந்த கெணறு வெட்டறவரு என்ன ஊருன்னு கேட்டா எனக்குத் தெரியாது. நான் உங்க மொகத்தப் பாத்துட்டு வருவேன். அடுத்து என்ன வரப்போகுதுன்னு உங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே. சிரிப்பு வர்றதுக்கு ரெண்டு வளைவு இருக்கும்போதே உங்க வாய் கோணும். என்னை ஓரக்கண்ணால பாப்பீங்க, எப்ப சிரிப்பேன்னு. அதப் பாத்துட்டே வந்தா எனக்கு வாந்தி வராது. அவ்வளவுதான் வைத்தியம்."

வேறு நாளாக இருந்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கும். பாதியை ஒழுங்காகக் கேட்கவில்லையாம். இரண்டு கேள்வி கேட்காமல் விட்டது என் தப்பு.

அப்புறம் ஹாலின் இரைச்சல். நாற்காலிகள் இழுபடும் சத்தம். மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு ஆண் குரல், அவள் கேட்டிருந்த இடங்களில் எது காலியாக இருக்கிறது என்று வாசித்தது. கீழே, சமவெளியில், அவள் வீட்டுக்காரர் பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒன்று இருந்தது. "என்னம்மா, அதையே போட்றலாமா?" என்று அந்தக் குரல் கேட்டது. எனக்குப் பலகையைப் பார்க்கத் தெம்பில்லை. பஸ் திரும்புகிறபோது தானாகக் கண்ணில் பட்டது. முப்பத்தெட்டு.

"வேணாங்க சார். இருக்கற எடத்துலயே இருக்கேன்."

"அது மலையாச்சேம்மா. தினமும் ஏறணுமே."

"ஏறிக்கறேங்க சார்."

திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வாய் ஒரு பக்கம் கோணி, கண் மட்டும் என்மேல் நிற்க, எப்போது, எப்போது என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பின் சீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நாற்பதாவது வளைவில் அவள் முகம் மாறியது. என் முகத்தில் இனி வர வேண்டியது ஒன்றும் பாக்கி இல்லை அல்லவா. "அக்கா" என்றாள். நான் சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் அவளை நகர்த்தினேன். கண்டக்டர், "எலுமிச்சம்பழம் கொண்டாரலீங்களே" என்று தவித்தார். நாற்பத்தொன்றாவது வளைவில் அவள் தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தாள். நடுவில் சிரித்தாள், மறுபடியும் எடுத்தாள். நான் ஒரு கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, இன்னொரு கையால் காதில் இயர்போன் விழாமல் பிடித்துக்கொண்டேன். எபிசோடில் இன்னும் இருபத்தொன்பது வளைவு பாக்கி இருந்தது.